நடைத்தடியும் முக்காலியும்: தரவையில் எட்ட நின்று பறவை பார்க்க ஒரு வழி

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி மழை ஓய்ந்து தை பிறக்கும் நாட்களில் யாழ்ப்பாணப் பக்கத்து மண்டைதீவு, அராலி, சரசாலைக் குருவிக்காடு, சுண்டிக்குளம் எங்கும், கடல்நீரேரி ஓரத் திறந்த வெளிகளான தரவைகளில், கமராவோடு ஆட்கள் இறங்குகிறார்கள். பத்திரிகைகளில் பூநாரைப் படங்கள் வருகின்றன. அந்தப் படங்களில் பாதி பறவை எழும்பிப் பறக்கும் படங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் ஏன் எழும்பியது என்றால், படமெடுத்தவர் கிட்டப் போனதால்தான். வடக்கே திரும்பிப் பறப்பதற்கு உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டிய மாதங்களில் இப்படி ஒரு நாளைக்குப் பலமுறை எழுப்பப்பட்டால், தின்றதையெல்லாம் பறந்தே செலவழித்துவிடும்.

கிட்டப் போகாதே என்று சொல்லிக்கொண்டிருப்பதால் பெரிய பலனில்லை. எட்ட நின்றால் கை நடுங்குகிறது, படம் கலங்குகிறது, அதனால்தான் போகிறார்கள். நல்ல முக்காலி இரண்டு கிலோ வரை வரும். முழங்கால் சேற்றில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று கிலோமீற்றர் நடக்க யாருக்கும் விருப்பமில்லை. வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள், அல்லது வண்டியோடு விட்டுவிட்டு இறங்குகிறார்கள். இதற்கு ஒரு வழி உண்டு. அது வந்தது பறவை பார்ப்பவர்களிடமிருந்து அல்ல, வேட்டைக்காரரிடமிருந்து.

அமெரிக்காவின் மேற்கு மலைகளிலும் நியூசிலாந்திலும் வேட்டைக்குச் சட்டப்படி இடமுண்டு. வாகனம் போகாத மலைக்குள் நாட்கணக்கில் தங்குகிறவர்கள் கூடாரம், சாப்பாடு எல்லாவற்றையும் முதுகில் சுமப்பதால், ஒரு பொருள் இரண்டு வேலை செய்ய வேண்டும் என்பது அவர்களின் கணக்கு. ஏற்ற இறக்கத்துக்கு ஊன்றும் மடக்கு நடைத்தடியே இரவில் கூடாரக் கால். பகலில் அதையே சிறிய முக்காலியோடு பிணைத்துத் தொலைநோக்கியை ஏற்றி, ஒரே இடத்தில் மணிக்கணக்காக இருந்து எதிர்ச்சரிவைத் துருவுகிறார்கள். துவக்கைச் சாத்தவும் அதே தடிதான். அந்தக் கடைசிப் பகுதி நமக்கு வேண்டாம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இங்கே இருக்கிறது. மற்றதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: சிறிய முக்காலியின் ஒவ்வொரு காலிலும் ஒரு நடைத்தடியைக் கட்டி, அதை உயரமான தாங்கியாக்குவது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பண்ணைத் தாம்போதியிலோ பொன்னாலைப் பாலத்திலோ வண்டியை நிறுத்தி அங்கேயே நின்று பார்ப்பவருக்கு இது தேவையே இல்லை. சாதாரண முக்காலி இதைவிட உறுதியானது. இறங்கி நடப்பவருக்கு மட்டுந்தான் இந்தக் கடிதம்.

வேண்டியவை இவை: மூன்று நடைத்தடி, 30 செ.மீ. வரை நீளும் உலோகக் கால் கொண்ட ஒரு சிறிய மேசை முக்காலி, ஆறு வெல்க்ரோ வார், பழைய சைக்கிள் ரியூப் ஒன்று, இரண்டரை மீற்றர் நைலோன் கயிறு. தடி பெரும்பாலும் சோடியாகத்தான் விற்கும். இரண்டு பேர் சேர்ந்து போனால் நான்கு தடி இருக்கும்; மூன்று முக்காலிக்கு, ஒன்று மிச்சம். தனியாகப் போகிறவர் மூன்றாவது காலுக்கு உலர்ந்த, நேரான மூங்கில் தடி ஒன்றை 25 மி.மீ. தடிப்பில் வெட்டிக்கொள்ளலாம். பனஞ்சிலாகை (பனைமரச் சட்டம்) விறைப்பில் அதைவிட நல்லது, ஆனால் பாரம். வேலிக் கதியால் வேண்டாம், வளையும்.

தடியை வாங்கும்போது பூட்டைப் பாருங்கள். முறுக்கிப் பூட்டும் வகை, நெம்பி மடக்கிப் பூட்டும் வகை என்று இரண்டு உண்டு. முறுக்கும் வகை நடக்க மட்டுமென்றால் பரவாயில்லை. முக்காலிக் காலாக்கினால் கமராவைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் தடி கொஞ்சம் சுழல, பூட்டு இளகி, கால் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். உள்ளே உப்பும் மணலும் போய்விட்டால் இன்னும் மோசம். நெம்புப் பூட்டே வாங்குங்கள். அதன் பக்கத்தில் ஒரு சிறிய திருகாணி இருக்கும். தடியை நிலத்தில் ஊன்றி இரண்டு கையாலும் உடம்புப் பாரத்தைக் கொடுத்து அழுத்திப் பார்க்க வேண்டும். இறங்கினால் திருகாணியைக் கால் சுற்று இறுக்கி மறுபடி பார்க்கலாம். நெம்பை மூடப் பெருவிரல் நோகிற அளவுக்கு இறுக்கத் தேவையில்லை, பிளாஸ்திக் வெடித்துவிடும்.

மேசை முக்காலியில் பார்க்க வேண்டியது காலின் கோணத் தடை. மேலே கால் மாட்டியிருக்கும் இடத்தில், நேர்நிலையிலிருந்து 20 முதல் 25 பாகை விரிந்ததும் நிற்கிற தடை இருக்க வேண்டும். வளைத்துச் சுற்றுகிற ரப்பர்க் கால் முக்காலி இந்த வேலைக்கு உதவவே உதவாது.

இனிப் பிணைப்பு. அநேகர் பிழைவிடும் இடம் இதுதான். தடியின் கைப்பிடி தண்டைவிடத் தடித்தது. முக்காலிக் காலை அதன் பக்கத்தில் வைத்து வாரை இழுத்தால், கால் கைப்பிடியில் மட்டும் தொட்டுக்கொண்டு கீழே தண்டோடு இடைவெளி விட்டு நிற்கும். எவ்வளவு இறுக்கினாலும் ஆடும். அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். சைக்கிள் ரியூபை இரண்டு விரல் அகல நாடாவாக வெட்டி, கைப்பிடிக்குக் கீழே தண்டில் சுற்றுங்கள். தண்டின் தடிப்பு கைப்பிடியின் தடிப்புக்குச் சமமாகும்வரை சுற்ற வேண்டும். அநேகமான தடிகளில் மேல் துண்டு 16 அல்லது 18 மி.மீ. விட்டம், ஆகவே சில சுற்றுத் தேவைப்படும். ரப்பர் இடைவெளியை அடைப்பதோடு வழுக்காமலும் பிடிக்கும். துணியோ கடதாசியோ சுற்றினால் ஈரத்தில் நழுவும்.

தடியின் தலை முக்காலியின் உச்சிக்கு நாலைந்து செ.மீ. கீழே நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் மூன்று கைப்பிடியும் ஒன்றோடொன்று முட்டி, கமராவைத் திருப்ப இடமிராது. முதல் வாரைக் கைப்பிடியின் அடிக்கழுத்திலும் அடுத்ததை ரப்பர் சுற்றிய தண்டிலும் போடுங்கள். இரண்டுக்கும் இடையில் குறைந்தது 10 செ.மீ. வேண்டும். இரண்டு வாரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் கால் அந்த இடத்தில் அச்சுப்போலச் சுழலும். மணிக்கட்டு வாரைக் கழற்றி வையுங்கள். காற்றில் அது படபடக்கும் ஆட்டம் அப்படியே லென்சுக்குப் போகும்.

இப்படிக் கட்டினாலும் ஒரு பலவீனம் மீதி இருக்கிறது. மேசை முக்காலியின் மூட்டு 30 செ.மீ. காலுக்கென்று செய்தது. அதைத் தடியோடு 130 செ.மீ. ஆக்கினால், அடியில் விழுகிற பக்க உதை மூட்டில் நாலு மடங்குக்கு மேலாகத் தாக்கும். ஒரு கால் சேற்றில் வழுக்கினால் கோணத் தடை உடைந்து, கமரா தண்ணீரில். கயிறு அதற்காகத்தான். நிலத்திலிருந்து 30 செ.மீ. உயரத்தில் மூன்று தடியையும் முக்கோணமாகச் சுற்றிக் கட்டி, விரிவதைத் தடுக்க வேண்டும். கணக்கு இது: உச்சியிலிருந்து நுனிவரை 130 செ.மீ., விரிவு 25 பாகை என்றால் உச்சி நிலத்திலிருந்து 118 செ.மீ. உயரத்தில் இருக்கும், அடிகளுக்கிடையே 95 செ.மீ.; 30 செ.மீ. உயரத்தில் தடிகளுக்கிடையே ஏறத்தாழ 70 செ.மீ. ஆகவே கயிற்றின் ஒவ்வொரு பக்கமும் 70, முடிச்சுக்கும் சேர்த்து இரண்டரை மீற்றர். ஒவ்வொரு தடியிலும் கயிறு ஒரு சுற்றுச் சுற்றிப் போக வேண்டும், இல்லாவிட்டால் மேலே வழுகும். கயிறு இறுகி நிற்கும்போது கோணத் தடையும் சரியாக முட்டி நிற்பதே நல்ல பொருத்தம். கயிறு தொய்ந்து கிடந்தால் அது கட்டினதே இல்லை.

118 செ.மீ. உயரத்துக்கு மேல் தலைப்பாகமும் (கருவியைத் தாங்கித் திருப்பும் பகுதி) தொலைநோக்கியும் சேர்ந்து 15 முதல் 20 செ.மீ. வரும். 45 பாகை சாய்ந்த கண்வில்லை உள்ள தொலைநோக்கியென்றால் நின்றபடி சற்றுக் குனிந்து பார்க்கலாம். நேர்க் கண்வில்லை என்றால் இருந்து பார்ப்பதே நல்லது. காலை ஒரு மீற்றராகக் குறைத்தால் உச்சி 90 செ.மீ., ஒரு சிறிய மடக்கு இருக்கையில் இருக்கிறவரின் கண்ணுக்கு அளவாக இருக்கும். தாழ்ந்த முக்காலி வாடைக்காற்றுக்கும் நல்லது. தடியை நீட்டும்போது மேல் பூட்டில் முதலில் நீட்டி, மிச்சத்தை மட்டும் மெல்லிய கீழ்த்துண்டில் நீட்டுங்கள். நிறுத்து என்று குறியிட்ட கோட்டைத் தாண்ட வேண்டாம்.

சேற்றுக்கு அடித்தட்டு இல்லாமல் போகக்கூடாது. தடியின் கூர் நுனி தங்ஸ்தன் காபைட்டு. பாறைக்கும் தார் வீதிக்கும் நல்லது, களிச்சேற்றில் ஒரு சாண் இறங்கும். மூன்றும் ஒரே அளவில் இறங்கினால் பரவாயில்லை, ஆனால் அப்படி இறங்குவதில்லை. தடியோடு வரும் சிறிய பிளாஸ்திக் வளையம் 5 செ.மீ. அளவுதான், போதாது. தேய்ந்த ரப்பர்ச் செருப்பின் அடியில் 10 செ.மீ. வட்டம் வெட்டி, நடுவில் கீழ்த்துண்டின் விட்டத்தைவிட 2 மி.மீ. சிறிய துளை போட்டு, நுனிக்கு மேலே 3 செ.மீ. வரை தள்ளி ஏற்றுங்கள். துளை இறுக்கமாக இருந்தால் தானாக நிற்கும். வட்டத்தை இன்னும் பெரிதாக வெட்டினால் நடக்கும்போது சேறு உறிஞ்சி, ஒவ்வொரு எட்டுக்கும் தடியைப் பிடுங்க வேண்டிவரும்.

திருகாணி விடயத்தில் கடையில் ஏமாற வேண்டாம். கமராவுக்கும் தொலைநோக்கிக்கும் அடியில் இருக்கும் துளை கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. பெரிய தலைப்பாகங்களுக்கு எட்டில் மூன்று அங்குலம், 16 புரி. ஹாட்வெயார் கடையில் கிட்டத்தட்ட ஒரே பருமனில் 6 மி.மீ. மெற்றிக் போல்ட்டைத் தருவார்கள். அதன் புரி இடைவெளி 1 மி.மீ.; கமராப் புரி 1.27 மி.மீ. அது துளைக்குள் தளர்வாகப் போய் நிற்பதுபோலக் காட்டும், பாரம் ஏறியதும் அலுமினியப் புரியை வழித்துக்கொண்டு வரும். பழைய பிரித்தானிய அளவான விற்வேர்த் கால் அங்குலப் போல்ட் கிடைத்தால் பயமில்லாமல் போடலாம். அதுவும் 20 புரிதான், புரியின் கோணம் மட்டும் 60 பாகைக்குப் பதில் 55. கமராக்களுக்கு ஆரம்பத்தில் இருந்ததே அந்தப் புரிதான். எந்தப் போல்ட்டானாலும் கமரா இருக்கும் தட்டுக்கு மேலே 4.5 மி.மீ.க்கு மேல் நீளக் கூடாது. கமரா அடித்துளை அவ்வளவு ஆழந்தான். மிஞ்சினால் உள்ளே குத்தும். நீளம் கூடினால் இடையில் வாசர் போடுங்கள்.

இந்தத் தாங்கி எதைத் தாங்கும்? 10x42 பைனாகுலர், 300 மி.மீ. லென்சோடு சாதாரண கமரா, 65 மி.மீ. தொலைநோக்கி ஆகியவற்றைத் தாங்கும். 80 மி.மீ.க்கு மேற்பட்ட தொலைநோக்கி இரண்டு கிலோ வரை வரும். காற்றில்லாத காலையில் சமாளிக்கலாம். மூன்று கிலோ லென்சை ஏற்ற நினைக்கவே வேண்டாம். தலைப்பாகம் பந்து வகையென்றால் திருகை இளக்கியவுடன் தொலைநோக்கி முன்னே கவிழும். மேல்கீழ், இடம்வலம் எனத் தனித்தனியாக அசையும் சிறிய தலைப்பாகம் வாங்கினால் கூட்டத்தை ஒரு பக்கமிருந்து எண்ணிக்கொண்டு போகலாம். ஒரு காலை லென்சு பார்க்கும் திசையில் முன்னே வையுங்கள், மற்ற இரண்டும் பார்ப்பவரின் பக்கம். அணைச் சரிவில் இரண்டு கால் இறக்கத்திலும் ஒன்று ஏற்றத்திலும் இருக்க வேண்டும்.

பெருக்கத்தைக் கூட்டினால் நன்றாகத் தெரியும் என்பது பலருடைய எண்ணம். 60 மடங்கில் பத்திலொரு பாகை ஆட்டம் கண்ணுக்கு 6 பாகையாகத் தெரியும். ஊசிவால் வாத்து எது, மற்ற வாத்து எது என்று பிரிக்க முடியாது. இந்தத் தாங்கியில் 25 அல்லது 30 மடங்கே அளவு. அதோடு காலை ஒன்பது மணி தாண்டினால் தரவைக்கு மேலே கானல் ஓடத் தொடங்கும், அப்போது உலகத்தின் மிக விலைகூடிய முக்காலியும் உதவாது. ஆறரைக்கு இடத்தில் நின்று, சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். தாங்கி சரியாக நிற்கிறதா என்பதற்குத் தொலைநோக்கியை விரலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். இரண்டு விநாடிக்குள் காட்சி அமைதியடைந்தால் சரி. அடையாவிட்டால் அநேகமாக ஒரு வார் இளகியிருக்கும், அல்லது கயிறு தொய்ந்திருக்கும். பாரத்துக்குப் பையைத் தொங்கவிடுகிறவர்கள் அது நிலத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி விட வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஊஞ்சலாடி ஆட்டத்தைக் கூட்டும். சேற்றில் பை தொங்கவிடவே வேண்டாம், கால் இன்னும் இறங்கும். களங்கட்டி வலைத் (ஆழங்குறைந்த நீரில் தடி நட்டுக் கட்டும் மீன்பிடி வலை) தடிகளில் தாங்கியைச் சாத்தவும் கூடாது. அது இன்னொருவருடைய தொழில்.

முக்காலி இல்லாமலே இரண்டு தடியை உச்சியில் பெருக்கல் குறிபோலக் குறுக்கே வைத்து ரப்பர் வளையத்தால் கட்டி, கவட்டில் பைனாகுலரை வைத்து இருந்தபடி பார்க்கலாம். கையில் பிடிப்பதைவிட எவ்வளவோ மேல். சில தடிகளின் கைப்பிடி உச்சியைத் திருகிக் கழற்றினால் உள்ளேயே கால் அங்குலப் புரி இருக்கும். அது ஒற்றைக்காலாகிப் பறக்கும் பறவையைப் படமெடுக்க உதவும்.

வீட்டுக்கு வந்ததும் தடியை மூன்று துண்டாகக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, தனித்தனியாக நிழலில் காயவிட வேண்டும். கழற்றாமல் மூலையில் சாத்தினால் உள்ளே உப்புப் பூத்து, அடுத்த தையில் துண்டுகள் ஒன்றோடொன்று இறுகிப்போயிருக்கும். பூட்டுக்கு எண்ணெய் விடாதீர்கள். பூட்டு பிடிப்பதே உராய்வால்தான். காபன் தடி பாரம் குறைவு என்று வாங்குகிறவர்களுக்கு: காபனும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் விரைவாக அரிக்கும். காபன் பக்கவாட்டு அழுத்தத்தில் முன்னறிவிப்பில்லாமல் முறியவும் செய்யும். நமது கடல்நீரேரிக்கு அலுமினியத் தடியே ஏற்றது.

தடியின் முதல் வேலை நடக்க உதவுவதுதான். முழங்கை நேர்கோணத்தில் மடங்கும் அளவுக்கு நீளத்தை வைத்து, எட்டு வைக்குமுன் முன்னே ஊன்றி ஆழம் பாருங்கள். முழங்காலுக்கு மேல் இறங்கினால் திரும்புங்கள். ஆனால் முகமாலை, கிளாலி, நாகர்கோவில் பக்கங்களில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள எந்த நிலத்திலும் தடியை ஊன்றிப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. தடமுள்ள பாதையை விட்டு இறங்கக் கூடாது. கூர் நுனி அங்கே நடப்பவருக்கு உதவியல்ல, ஆபத்து. பலகை விழுந்தோ மறைந்தோ போயிருக்கலாம் என்பதால், போகுமுன் ஊரவர்களிடம் கேட்டே போக வேண்டும்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு தையிலும் நடக்கிறது. அதில் சேரும் நமது பாடசாலைப் பிள்ளைகளுக்கு இந்தத் தாங்கிகள் கிடைக்க வேண்டும். பாடசாலைகளின் சுற்றாடல் முன்னோடிக் குழுக்கள் மார்கழி விடுமுறைக்கு முன்னரே ஒரு பாடசாலைக்கு இரண்டு என்று கட்டி வைக்கலாம். ரப்பர் வட்டமும் கயிறும் பிள்ளைகளே செய்வார்கள். தடியும் மேசை முக்காலியும் மட்டும் பழைய மாணவர் சங்கங்கள் வாங்கிக் கொடுத்தால் போதும். கணக்கெடுப்புக்கு அழைப்பு விடுக்கிறவர்கள் கொண்டுவர வேண்டிய பொருள்களில் தொப்பி, தண்ணீர்ப் போத்தலோடு நடைத்தடியையும் சேர்த்து, எந்த இடத்தில் எத்தனை மீற்றருக்கு இப்பால் நிற்க வேண்டும் என்பதையும் அதே அழைப்பில் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
பறவை பார்க்கும் வாசகர்கள்,
சாவகச்சேரி.